மாத்திரை நிறுத்திய ஐம்பத்தாறு நாள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. பலத்த மழை என்று சொல்ல முடியாது. ஆனால் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அந்த நேரத்தில் என் மனைவியின் இடது மோதிர விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் கருவியில் வைத்தேன். ஐந்து எண்ணுவதற்குள் எண் வந்துவிட்டது. வெறும் வயிற்றில் 168.

அதை அட்டையில் எழுதினேன். அட்டை என்றால், வீட்டு மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்குமே, தேதி, அளவு, வித்தியாசம் என்று கட்டம் போட்டது, அந்த மாதிரி அட்டை. மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். அதில் இருபத்தாறு வருடம் கணக்கெடுக்கும் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, போன முறை எண்ணை இந்த முறை எண்ணிலிருந்து கழித்து எழுதிவிட்டு வருவேன். ஐயம்பேட்டையில் என் கையெழுத்து இல்லாத அட்டை அந்தக் காலத்தில் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு எழுத மீட்டர் இல்லை. மனைவிக்குச் சர்க்கரை வந்தபோது அவளுக்கும் ஓர் அட்டை போட்டேன்.

"சுவத்துல மாட்டாதீங்க. வர்றவங்க போறவங்க எல்லாம் படிச்சிக்கினு நிப்பாங்க" என்றாள். அதனால் பீரோவுக்குள் வைத்தேன்.

அந்த வருடம் செப்டம்பர் முதல் வாரம் வரை அவளுடைய சர்க்கரை ஒழுங்காக இருந்தது. வெறும் வயிற்றில் 132, 129, 134 என்றுதான் எழுதியிருக்கிறேன். அந்த வாரம் ஒரு மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தவள் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். நெஞ்சுக்கு நடுவில் கல்லை வைத்தது போல் இருக்கிறது என்றாள். சென்னைக்குக் கொண்டுபோனோம். இரண்டு ரத்தக் குழாயில் அடைப்பு. இரண்டு ஸ்டென்ட் வைத்து ஆறாம் நாள் அனுப்பினார்கள். தினம் ஒன்பது மாத்திரை. அவற்றில் ஒன்று கொழுப்பைக் குறைப்பது. அட்டோர்வாஸ்டாட்டின், நாற்பது மில்லிகிராம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு.

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். யாரும் படிப்பதில்லை, நான் படிப்பேன். ஒன்பது பெட்டிக்கும் ஒன்பது தாள், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு நான்கு நாளில் முடித்தேன். கொழுப்பு மாத்திரையின் தாளில், இரண்டாம் பக்கத்தின் கீழே, இது ரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. பென்சிலால் அடிக்கோடு போட்டேன்.

அதற்குப் பிறகு எண்கள் அந்த வரியைப் பின்பற்றி நடந்தன. அக்டோபர் முதல் தேதி 141. நவராத்திரி முடிந்ததும் 149. நவம்பர் 14 அன்று 168. கழித்துப் பார்த்தேன். பழைய 132 போக முப்பத்தாறு ஏறியிருந்தது. இந்த இடைவெளியில் வீட்டுக்குள் புதிதாக வந்தது என்ன? அந்த மாத்திரைதான். ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்குள் திடீரென்று யூனிட் ஏறினால் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்: புதிதாக என்ன வாங்கினீர்கள்? கிரைண்டர் என்பார்கள், ஃப்ரிட்ஜ் என்பார்கள். பதில் எப்போதும் சரியாக இருக்கும்.

சர்க்கரை என்றால் எனக்குப் பயம். அதை மறைப்பதற்கில்லை. கூரத்தில் இருந்த என் அண்ணனுக்கு முதலில் வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்துப் பாதம். இன்னும் பதினொரு மாதம் கழித்து முழங்கால் வரை. மூன்று முறையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன் நான். நெஞ்சு வலி என்பது ஒரு மத்தியானம் வந்து போனது. சர்க்கரை பதினாறு மாதம் ஓர் ஆளைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டரம்மாவைக் கேட்டிருக்கலாம். காஞ்சிபுரத்தில் எங்களுக்குப் பழக்கமான டாக்டர். போன் செய்தால் எடுப்பார். ஆனால் கேட்டால் "நிறுத்தாதீங்க" என்று சொல்வார் என்று தெரியும். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பது வீண் என்று நினைத்தேன்.

அன்று காலையே மனைவியிடம் சொன்னேன். அட்டையைக் காட்டினேன், தாளில் அடிக்கோடு போட்ட வரியைக் காட்டினேன்.

"இந்த ஒரு மாத்திரைய எட்டு வாரம் நிறுத்திப் பார்ப்போம். மத்த எட்டும் அப்படியே இருக்கட்டும். சர்க்கரை எறங்குச்சின்னா தெரிஞ்சிடும்."

"தீபாவளி முடிஞ்சி ரெண்டு நாள்தான் ஆவுது" என்றாள்.

"நீ ஒரே ஒரு அதிரசம்தான் சாப்ட்ட. நான் பார்த்துக்கினுதான் இருந்தேன்."

"எல்லாத்தையும் பார்த்துக்கினுதான் இருக்கீங்க" என்றாள். பிறகு, "சரி, உங்க இஷ்டம்" என்று எழுந்து போனாள்.

நாற்பத்து நான்கு வருடத்தில் அவள் ஒரு விஷயத்துக்கு இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வாரத்துக்கு ஏழு அறை வைத்த மாத்திரை டப்பாவில், ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்தான் மாத்திரை பிரித்துப் போடுவேன். அதிலிருந்து கொழுப்பு மாத்திரைகளை எடுத்துவிட்டேன். மீதமிருந்த மாத்திரை அட்டைகளைப் பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். காலை ஒரு குத்து, ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. ஐம்பத்தாறு நாளுக்கு நூற்றுப் பன்னிரண்டு. ரத்தம் வைத்துப் பார்க்கும் ஸ்டிரிப் ஐம்பது உள்ள டப்பா மூன்று வாங்கினேன்.

நவம்பர் கடைசியில் அவள் மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். டாக்டரம்மா ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தார். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல், முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய நூலின் முனையையும் புது நூலின் முனையையும் ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து ஒரு திருகு. ஒரு பாவுக்கு எத்தனை இழை என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஐயாயிரத்தை நெருங்கும்போது அவள் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில் நான்கு தறி. அங்கேதான் அதிகம் போவாள். அந்த வீட்டு அம்மா அவளைவிடப் பத்து வயது சின்னவள், அக்கா அக்கா என்று உயிராக இருப்பாள்.

இந்த வேலைக்கும் என் ஊசிக்கும் ஒத்துவரவில்லை.

"கட்ட விரல விடுங்க. ஆள்காட்டி விரலயும் விடுங்க" என்றாள் முதல் வாரம்.

"மத்த விரல்ல மாத்தி மாத்திதான் குத்துறேன்."

"நடு விரல் இல்லாம நூல எப்படி புடிக்கறது? சாம்பல் பட்டா எரியுது. பட்டு நூல்ல ஒரு சொட்டு ரத்தம் பட்டுச்சின்னா பொடவைய நீங்க வாங்கிக்குவீங்களா?"

சுண்டுவிரலும் மோதிர விரலும்தான் எனக்கு ஒதுக்கப்பட்டன. இரண்டு கைக்கும் சேர்த்து நான்கு விரல், ஐம்பத்தாறு நாள். விரலுக்கு இருபத்தெட்டுக் குத்து.

ஒருநாள் அவளைக் கூட்டிவர அந்தத் தறி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அந்த அம்மா பிடித்துக்கொண்டாள்.

"கரண்ட் ஆபீஸ் அண்ணா வாங்க. அக்காவுக்கு இந்த ரெண்டு மாசம் பில்லு எவ்ளோ வந்துக்குது?"

"கொறைஞ்சிருக்குதும்மா" என்றேன்.

"கொறையும், கொறையும்" என்றாள். உள்ளே இருந்து என் மனைவி அவளை அதட்டியது கேட்டது. இருவரும் சிரித்தார்கள். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் சிரிப்புக்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குறைந்தது என்பது உண்மை. முதல் வாரக் கடைசியில் 161. பிறகு 154, 149, 143. எந்த வாரமும் ஏறவில்லை. டிசம்பர் பாதியில் 139 வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஜனவரி 9, ஐம்பத்தாறாம் நாள், வெறும் வயிற்றில் 131. ஸ்டென்ட் வைப்பதற்கு முன் இருந்த அளவு. கழித்தால் முப்பத்தேழு இறங்கியிருந்தது. டாக்டரம்மாவுக்குக் கொடுப்பதற்காக இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். இந்த நோயாளிக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, இதற்குப் பதிலாக வேறு வழி சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன். அலுவலகத்தில் என் குறிப்புகளை மேலதிகாரிகள் திருத்தியதில்லை. இதையும் யாரும் திருத்த முடியாது என்றுதான் எண்ணினேன்.

அடுத்த முறை வரும்போது கொழுப்பையும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் பரிசோதித்துக்கொண்டு வரும்படி டாக்டரம்மா முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அன்றைக்கே ரத்தம் கொடுத்தோம். சாயங்காலம் முடிவு வாங்கப் போனேன். கெட்ட கொழுப்பு என்று சொல்கிறார்களே, அது 61.

என்னால் நம்ப முடியவில்லை. ஸ்டென்ட் வைத்தபோது அது 148. மாத்திரை போட ஆரம்பித்து ஆறு வாரத்தில் 63 ஆனது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே ஏறிவிடும் என்பதையும் படித்திருந்தேன். ஏறியிருந்தால் அதைக் கவனிக்க வேறு மருந்து கேட்பது என்பதுதான் என் குறிப்பின் இரண்டாம் பக்கம். ஏறவே இல்லை.

"ஏம்மா, இது வேற யாரோட ரத்தமாவது கலந்துடுச்சா?" என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன்.

"இல்ல சார். பேரு, வயசு எல்லாம் ஒட்டிதான வைக்கிறோம்."

"அப்போ மிஷின்ல கோளாறு."

"காலைல இருந்து நாப்பது பேருக்குப் பார்த்துக்குது சார் அந்த மிஷின். உங்க ஒருத்தருக்கு மட்டும் கோளாறா?"

"நாப்பது பேருக்கும் தப்பா காட்டியிருக்கும். அவங்க கேக்கல. நான் கேக்கறேன்."

அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். மறுநாள் காலை வேறு பரிசோதனைக் கூடத்துக்கு மனைவியைக் கூட்டிப்போய் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னேன். "இன்னாத்துக்கு இது?" என்று அவள் ஒருமுறைதான் கேட்டாள். "முந்தின மிஷின் பழுது" என்றேன். என்னவோ சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டு கையை நீட்டினாள். இரண்டாவது முடிவு 59.

வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் போனோம். முதலில் குறிப்பைக் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கத்தையும் படித்தார். வேகமாகப் படிக்கிறவர், அன்று மெதுவாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அய்யா, ரெண்டு ஸ்டென்ட் வெச்சி ரெண்டு மாசம் முடிஞ்ச ஒடனே நிறுத்தியிருக்கீங்க. என்ன ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சர்க்கரை முப்பத்தேழு எறங்கியிருக்குது, மேடம்."

"அத அப்புறம் பேசலாம். ரத்தக் குழாய் மறுபடி அடைச்சா என்ன ஆவும்னு தெரியுமா? இந்த முறை அம்மா சென்னை வரைக்கும் போய்ச் சேருவாங்கன்னு யாரு சொன்னது?"

அவர் பரிசோதனைத் தாள்களை எடுத்தார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"நிறுத்துனா இந்த நம்பர் வராதே."

"அதத்தான் நானும் சொல்றேன். லேப் தப்பு."

"ரெண்டு லேபுமா?"

அப்போது என் மனைவி, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடியே சொன்னாள்: "நிறுத்துனாதான மேடம் ஏறும்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை, டாக்டரம்மாவிடமே பேசினாள். நவம்பர் 14 அன்றே மழை விட்டதும் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், மருந்துக் கடையில் அதே மாத்திரையை வாங்கியிருக்கிறாள். தறி வீட்டு அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். வேலை இல்லாத நாளிலும் தினம் பதினோரு மணிக்கு அங்கே நடந்துபோய், அவர்கள் கொடுக்கும் சர்க்கரையில்லாத டீயோடு ஒன்று. ஞாயிறும் விடவில்லை.

"ராத்திரி மாத்திரைய பகல்ல போட்டேன் மேடம். தப்புங்களா?"

"இந்த மாத்திரைய எந்த வேளையில போட்டாலும் சரிதாம்மா. வேளை மாறாம போட்டா போதும்" என்றார் டாக்டரம்மா. அவர் முகம் இப்போதுதான் இளகியது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா விட்டுடுவீங்களா? இன்னும் ரெண்டு தாள் கொண்டாந்து படிச்சிக் காட்டுவீங்க. ஆஸ்பத்திரில அந்த டாக்டர் என் கையப் புடிச்சிச் சொன்னாரு, யாரு சொன்னாலும் நிறுத்தாதீங்கம்மான்னு. நீங்க பில்லு கட்டப் போயிருந்தீங்க. அன்னிக்கு வலி வந்தது எனக்கு. உங்க அட்டைக்கு வரல."

பிறகு டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "முப்பத்தோரு வருசம் ஊரெல்லாம் எத்தினி வூட்ல கொக்கி போட்டு கரண்ட் எடுத்தத புடிச்சாரு. சொந்த வூட்ல கொக்கி போட்டது ஐம்பத்தாறு நாள் தெரியல மேடம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்திருக்க வேண்டும், முடியவில்லை. எனக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் என்ற கணக்கு. அதை இன்றுவரை நான் கடைசி வரி வரை போட்டதில்லை.

"அப்போ சர்க்கரை எப்படி எறங்குச்சி?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காவது எனக்குப் பதில் வேண்டியிருந்தது.

அவர் அட்டையைத் தன் பக்கம் திருப்பினார். "ஏறுன நாளெல்லாம் பாருங்க. ஆஸ்பத்திரில இருந்து வந்து அம்மா படுத்துக்கினே இருந்தாங்க. நடை இல்ல. பார்க்க வந்தவங்க என்ன கொண்டாந்தாங்க?"

சொன்னேன். ஆப்பிள், ஆரஞ்சு, ரொட்டி, பால் மாவு. இருபத்து மூன்று பேர் வந்தார்கள். யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று எழுதியே வைத்திருந்தேன். ஆனால் வேறு நோட்டில்.

"அப்புறம் நவராத்திரி. அப்புறம் தீபாவளி. தீபாவளிக்கு ரெண்டாம் நாள் எடுத்த நம்பர்ல இருந்து நீங்க கழிக்க ஆரம்பிச்சிருக்கீங்க. அதுக்கப்புறம் அம்மா வேலைக்குப் போனாங்க, மூணு தெரு நடந்தாங்க. பழமும் நின்னுச்சி. எறங்காம என்ன செய்யும்? கரண்ட் மீட்டர் ஏறும், எறங்காது. இது ரெண்டும் செய்யும்."

"அப்போ மாத்திரை சர்க்கரைய ஏத்தவே ஏத்தாதா? தாள்ல போட்டிருக்குதே."

"தாள் பொய் சொல்லல. சில பேருக்குக் கொஞ்சம் ஏத்தும். அம்மாவுக்கு மூணு மாசச் சர்க்கரைச் சராசரி ஏழு புள்ளி ரெண்டு இருந்தது, இப்ப ஏழு புள்ளி நாலு. இதுல மாத்திரைக்கு எவ்ளோ, அதிரசத்துக்கு எவ்ளோன்னு என்னாலயும் பிரிச்சிச் சொல்ல முடியாது. ஆனா சர்க்கரை ஏறுனா எறக்க என்கிட்ட நாலு வழி இருக்குது. அதுக்காக நெஞ்சக் காப்பாத்துற மாத்திரைய எடுக்கறதில்ல."

சர்க்கரை மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதினார். விரலில் குத்துவது வாரத்துக்கு ஒருமுறை போதும் என்றார். அதையும் அம்மாவே குத்திக்கொள்ளட்டும் என்று சேர்த்துச் சொன்னார்.

நான் செய்தது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கழித்தலில் தவறில்லை. அட்டையில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு எண்ணில் ஒன்றுகூடப் பொய்யில்லை. இப்போதும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். கேட்க வேண்டிய இரண்டு பேரைக் கேட்காமல் எண்களை மட்டும் கேட்டேன். அந்தத் தாளில் அடிக்கோடு போட்ட வரிக்குக் கீழேயே, டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று இன்னொரு வரி இருந்தது. அதையும் படித்திருந்தேன். அதற்கு அடிக்கோடு போடவில்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எங்களுக்கு நடுவில் ஒரு அம்மாள் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அதனால் பேச முடியவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பீரோவில் சட்டைக்கு அடியில் இருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

"நான் வாங்குனதுக்கு துட்டு குடுங்க" என்றாள். "என் கைக்காசு. ஆறு அட்டை."

"தர்றேன்."

"விரல் நோவுன்னு மார்கழில ரெண்டு பாவு வேணாம்னு சொல்லிட்டேன். அந்தக் கூலியும் உங்களதுதான்."

"அது எப்படி என்னுது?"

"குத்துனது யாரு?"

பேனாவை எடுத்து இந்தச் சோதனைக்கு ஆன செலவைக் கணக்குப் போட்டேன். ஆறு மாத்திரை அட்டைக்கு ஐந்நூற்று ஐம்பத்திரண்டு, இரண்டு பாவுக்கு ஆயிரத்து முந்நூறு, மூன்று டப்பா ஸ்டிரிப்புக்கு இரண்டாயிரத்து எழுநூறு, பழுதில்லாத மிஷினைப் பழுதென்று சொல்லி இரண்டாவது இடத்தில் எடுத்த பரிசோதனைக்கு நானூற்று ஐம்பது. ஆக மொத்தம் ஐயாயிரத்து இரண்டு ரூபாய்.